ஊமை = இல்லை

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட்டுக்கு மேல்மாடியில் ஒரே ஒரு அறை. கீழே கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் மேசையில் வைத்த டம்ளர் தானாக நகரும். ரூமானாவுக்கு அங்கேதான் வேலை. சென்னையில் இரவு ஷிப்டில் உட்கார்ந்து யாரோ வெளிநாட்டுக்காரர்களின் சாஃப்ட்வேரைக் கட்டிக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தவள். ஒருநாள் விடியும்போது அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கு, "தூக்கம் வந்துச்சு, வந்துட்டேன்" என்பதோடு சரி.

இங்கே அவள் கட்டுவது ஒரு பெட்டிக்கான புரோகிராம். டிபன் டப்பா அளவுப் பெட்டி. விசைப்படகின் கேபினில் டிரைவர் தலைக்கு மேலே அதைத் திருகி வைப்பார்கள். படகு கடலில் எங்கே இருக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லைக் கோட்டை நெருங்கினால் ஹாரன் அடிக்கும். என்ஜின் சத்தத்தை மீறி, அசந்து கிடப்பவனும் எழுந்து உட்காரும்படி அடிக்கும்.

கடலில் கோடு கிடையாது. இந்தத் தண்ணீரும் அந்தத் தண்ணீரும் ஒன்றுதான். வலையை இழுத்துக்கொண்டு போகும்போது நீரோட்டம் எங்கே தள்ளிக்கொண்டு போகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தாண்டினால் அந்தப் பக்கத்து ரோந்துப் படகு வந்துவிடும். ரூமானாவின் அண்ணன் அஜ்மல் போன வருஷம் அப்படித்தான் மாட்டினான். முதல் தடவை என்று எச்சரித்து அனுப்பினார்கள். மறுபடி பிடிபட்டால் வருஷக்கணக்கில் உள்ளேதான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். திரும்பி வந்தவன் படகுப் பக்கமே போகாமல் வீட்டில் படுத்துக் கிடந்தான். அவனை மறுபடி ஏற்றிவிட்டவள் ரூமானா.

"இது கத்துற வரைக்கும் பயமில்லாம இழு. கத்துனா திருப்பு. அவ்வளவுதான்."

"கத்தலைன்னா?"

"கத்தலைன்னா நீ நல்ல எடத்துல இருக்கேன்னு அர்த்தம்."

அதை அவன் அப்படியே எடுத்துக்கொண்டான். அதன் பிறகு கடலில் அவன் திசை பார்ப்பதைவிடக் காது கொடுப்பதுதான் அதிகம் என்று கூடப் போகிறவர்கள் கேலி செய்தார்கள்.

பெட்டிக்குள் போகும் புரோகிராம் பல துண்டுகளால் ஆனது. இடம் பார்க்கும் துண்டு, கரைக்குச் சேதி அனுப்பும் துண்டு, ஹாரன் அடிக்கும் துண்டு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எப்படி ஒரே பொட்டலமாகக் கட்டுவது என்று சொல்வதற்கு ஒரு பில்ட் ஸ்கிரிப்ட் உண்டு. அதன் தலைப்பில் சில வரிகள்: இடது பக்கம் ஒரு பெயர், வலது பக்கம் அதற்கான மதிப்பு. ப்ராப்பர்ட்டி என்பார்கள். அதில் ஒன்று, ஹாரனை அடக்குவதற்கு. ஸ்கிரிப்டில் ஆங்கில எழுத்தில் இருந்தது. பேச்சில் 'ஊமை'.

ஊமை வந்ததற்குக் காரணம் ஐஸ் பிளான்ட். மேலே மேசையில் வைத்துப் பெட்டியைச் சோதிக்கும்போதெல்லாம் ஹாரன் அடிக்க, அம்மோனியா கசிந்துவிட்டது என்று கீழே இருந்தவர்கள் அலறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். இரண்டாவது முறை ஓடிய பிறகு மாடிப்படி ஏறி வந்து ரூமானாவைக் கேட்ட கேள்விகளை எழுத முடியாது. அன்றே அவள் ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை வைத்தாள்: ஊமை இருந்தால் ஹாரன் துண்டைச் சேர்க்காதே. மேசையில் சோதிக்கும்போது அந்த வரியை எழுதுவாள். படகுகளுக்குக் கட்டும்போது அழித்துவிடுவாள். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

கம்பெனியின் முதலாளி ரகுநாத் சார். ஆலங்குடிக்காரர். ஒரு அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன்தான். ஆனால் எந்தப் படிவத்திலும் வெற்றிடத்தைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. ரேஷன் கார்டு மனுவோ கல்யாணப் பத்திரிகையின் புரூஃபோ, எதுவானாலும் விட்டுப்போன கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடும் இழுத்தால்தான் மூச்சு விடுவார். ஒருநாள், படகுகளுக்கான புரோகிராமைக் கட்டி முடிக்கும் நேரத்தில் ரூமானாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இங்க ஒரு வரி இருந்துச்சேம்மா?"

"ஊமை சார். படகுக்கு அது வேணாம், அழிச்சிட்டேன்."

"அழிக்கிறதாவது! நாளைக்கு ஒருத்தர் வந்து பார்த்தா, இது வேணாம்னு விட்டதா, மறந்து விட்டதான்னு எப்படித் தெரியும்? இல்லைன்னு எழுதிப் போடும்மா. பதில் சொன்ன மாதிரி இருக்கும்."

ரூமானாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கடலுக்குப் போக டோக்கன் வாங்கும் படிவத்திலேயே வெடிபொருள் உண்டா என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதாமல் விட்டால் வாங்கமாட்டார்கள். எழுதாமல் விடுவதைவிட எழுதி மறுப்பதுதான் பத்திரம் என்று பழகிய ஊர். ஊமைக்கு எதிரே 'இல்லை' என்று அடித்தாள். கட்டினாள். கரையில் நின்ற படகுகளின் பெட்டிகளுக்கெல்லாம் போன் டவர் வழியாகப் புது புரோகிராம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் விசைப்படகுகளுக்கான நாள். கிளம்பிப் போயின.

அவை போன பிறகு, காலை வெயில் ஏறும் நேரத்தில், கட்டுமாவடியிலிருந்து சொர்ணம் வந்தாள். நாட்டுப்படகு வைத்திருப்பவள். விசைப்படகுகள் போகும் நாளில் அவள் படகு போகாது. அதனால் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிவிட்டு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"கத்தச் சொல்லு புள்ள. கேட்டுட்டுத்தான் மத்தப் பேச்சு."

மேசையில் இருந்த பெட்டியிலும் அதே புதுப் புரோகிராம்தான். ரூமானா அதற்குப் பொய்யாக ஓர் இடத்தைக் கொடுத்தாள்: எல்லைக்கு ரொம்பப் பக்கம். ரகுநாத் சார் முன்னெச்சரிக்கையாகக் காதைப் பொத்திக்கொண்டார்.

சத்தம் வரவில்லை.

எல்லைக்கு மேலேயே ஓர் இடத்தைக் கொடுத்தாள். தாண்டிய இடத்தைக் கொடுத்தாள். பெட்டி பச்சை விளக்கை எரித்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"என்ன, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்ததும் பொண்ணு வாயத் தொறக்க மாட்டேங்குதா?" என்றாள் சொர்ணம்.

"ஒயர் கழண்டிருக்கும்" என்றார் ரகுநாத் சார்.

ஒயர் கழலவில்லை. ரூமானா ஸ்கிரிப்டைத் திறந்தாள். மேலிருந்து வந்தாள். ஊமை, எதிரே இல்லை. சரியாகத்தான் இருந்தது. கீழே போய் நிபந்தனையைப் பார்த்தாள். தன் கையால் எழுதிய வரி. ஊமை இருந்தால், சேர்க்காதே.

இருந்தால்.

அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. முதன்முதலாகக் கடலைப் பார்க்கும் கடலில்லாத ஊர்க்காரன் போல அந்த வரியைப் பார்த்தபடி இருந்தாள். ஸ்கிரிப்ட் 'ஊமை' என்ற பெயரைத் தேடியிருக்கிறது. பெயர் இருந்திருக்கிறது. அதோடு வேலை முடிந்தது. எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று அது படிக்கவே இல்லை. படிக்கச் சொல்லவில்லை, அதனால் படிக்கவில்லை. 'இல்லை' என்று எழுதுவதற்காக அந்தப் பெயரை உள்ளே கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். இவ்வளவு வேகமான இயந்திரம் ஒரு சொல்லைத் தாண்டி அடுத்த சொல்லுக்குப் போகாமல் நின்றிருக்கிறது. அத்தனை சுத்தமான கீழ்ப்படிதலை அவள் எந்த மனிதனிடமும் பார்த்ததில்லை.

"என்னம்மா?"

"இல்லைன்னு எழுதினோம்ல சார். அதனாலதான் ஊமையாயிருச்சு."

"இல்லைன்னுதானே எழுதினோம்?"

"எழுதினதே தப்பு. பேரு இருக்கான்னு மட்டும்தான் அது பாக்கும். இருக்குன்னா ஆமான்னு எடுத்துக்கும். என்ன எழுதியிருக்குன்னு பாக்காது."

ரகுநாத் சாரின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் வாழ்நாள் முழுதும் எழுதிய 'இல்லை'கள் எல்லாம் கண் முன்னால் வந்துபோயிருக்க வேண்டும்.

சொர்ணத்துக்கு ஒன்றும் ஆச்சரியமாக இல்லை. "பந்தியில எலையப் போட்டு உக்காந்துக்கிட்டுச் சோறு வேணாம்னா எவன் கேப்பான்? எலையப் பாத்தா கொட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பான். வேணாம்னா எலை போடாம இருக்கணும். சரி, அதை விடு. கடல்ல இருக்கிற பெட்டியெல்லாம்?"

அப்போதுதான் பயம் வந்தது.

கடலில் இருக்கிற பெட்டியெல்லாம் ஊமை. கத்தவில்லை என்றால் நல்ல இடம் என்று ஒருவன் காது கொடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறான்.

லேப்டாப்பில் படகுகளின் புள்ளிகள் தெரிந்தன. பெட்டி தன் இடத்தைக் கரைக்கு அனுப்பும். மொட்டைமாடியில் ஆன்டெனா இருக்கிறது. ஆனால் கரையிலிருந்து பெட்டிக்கு எதுவும் போகாது. அதற்குப் படகு திரும்பி வந்து டவர் எல்லைக்குள் நிற்க வேண்டும். புள்ளிகள் கடலில் பரந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் கிழக்கே, தனியாக, அஜ்மலின் புள்ளி. வலையை இறக்கிவிட்டான் போலிருக்கிறது. மெல்ல, ரொம்ப மெல்ல, சிவப்புக் கோட்டைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தது.

செல்லில் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. லேப்டாப்பை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். மீனவர் சங்கக் கட்டடம் எதிரே, ஐஸ் உடைக்கும் மெஷினைத் தாண்டி. அங்கே வயர்லெஸ் செட் உண்டு. ரகுநாத் சார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவரை முந்திக்கொண்டு சொர்ணம் வந்தாள்.

மைக்கை எடுத்து அண்ணனின் படகுப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. வரும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. எல்லைப் பக்கம் போகிறவர்கள் வயர்லெஸ்ஸை அணைத்துவிடுவது வழக்கம். தங்கள் பேச்சை அந்தப் பக்கம் எவனும் கேட்டுவிடக் கூடாதென்று. கடைசியில் வேறொரு குரல் வந்தது.

"யாரு, ரூமானாவா? என்ன தங்கச்சி, காலங்காத்தால ஏலம் போடுறே?"

பிரசாந்த். அவன் படகில் பெல்ட் அறுந்து, மாற்றிவிட்டு எல்லோருக்கும் பிறகு கிளம்பியவன். அதனால் கரைக்குக் கிட்டத்தில் இருந்தான்.

"பிரசாந்த் அண்ணே, பெட்டி கத்தாது. ஒரு படகுலயும் கத்தாது. நான் தப்பாக் கட்டி அனுப்பிட்டேன். அண்ணன் கோட்டுக்கிட்டப் போயிட்டு இருக்கான்."

என்ஜின் சத்தம் சட்டென்று ஏறியது.

"அவன் வயர்லெஸ் போட மாட்டான்."

"தெரியும்."

"துணி கட்டுறேன்."

ரூமானா சொர்ணத்தைப் பார்த்தாள். சொர்ணம் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். இந்தக் கரையில் கொம்பில் துணி ஏறினால் ஓர் அர்த்தம்தான்: உயிர் போகிறது, வா. பார்த்தவன் வந்தே ஆக வேண்டும். வலை கிடக்கிறது, மீன் பாடு நடக்கிறது என்று சொல்ல முடியாது. சும்மா கட்டியவனைச் சங்கத்தில் கூப்பிட்டுக் கேட்பார்கள். அப்புறம் அவன் படகு நின்று போனாலும் எவனும் இழுத்துக்கொண்டு வரமாட்டான்.

"உசுருக்குத்தானே அண்ணே கட்டுவாங்க?"

"ஒங்கண்ணன் உள்ள போனா வெளிய வர எத்தன வருசம்? அதுவும் உசுருதான். மைக்க வையி."

மேசையில் லேப்டாப்பை வைத்துவிட்டு மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

பிரசாந்தின் புள்ளி கிழக்கே கிளம்பியது. அதன் பாதையிலிருந்து தள்ளி, தெற்கே போய்க்கொண்டிருந்த ஒரு புள்ளி சட்டென்று நின்றது. வளைந்தது. பிரசாந்தை நோக்கி வந்தது. இரண்டும் ஒட்டி நின்றன. பிறகு பிரிந்தன, ஒன்று வடகிழக்கே, ஒன்று தென்கிழக்கே. இப்போது இரண்டு துணி. வடக்கே இருந்தது இன்னொன்றைச் சந்தித்தது. தெற்கே இருந்தது இரண்டைச் சந்தித்தது. அவையும் பிரிந்தன. கல் விழுந்த குளத்தில் வளையம் விரிவதைப் போல, திரையில் அந்தச் சேதி கிழக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு சொல்கூட அதில் இல்லை. பார்த்த எவனும் யார் என்று கேட்கவில்லை, எதற்கு என்று கேட்கவில்லை, என்ன நிறம் என்று பார்க்கவில்லை. துணி இருக்கிறது. அவ்வளவு போதும். திருப்பினார்கள்.

ரூமானாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காலையில் அவள் ஸ்கிரிப்டில் பார்த்ததும் இதேதான். இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலிருப்பது. அங்கே அது அண்ணனைக் கோட்டுக்குத் தள்ளியது. இங்கே அதே குணம் அவனைத் தேடிக்கொண்டு போகிறது. இத்தனை தூரத்தில், இத்தனை வெயிலில், அலை மேலும் கீழும் ஆட்டும்போது கண்ணுக்குப் பிடிபடுவது ஒன்றுதான்: இருக்கிறதா, இல்லையா. அதற்கு மேல் அறிய நின்றால் ஒருவன் மூழ்கிவிடுவான். இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் இந்த முறையை முதலில் யோசித்தவன் யாரோ, அவன் முட்டாள் இல்லை. அதன் மேல் 'இல்லை' என்று எழுதி ஏற்றியவள்தான் முட்டாள்.

அஜ்மலின் புள்ளி திரும்பவில்லை.

கோட்டுக்கும் அதற்கும் இடையே திரையில் ஒரு விரல்நகம் அளவுதான் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. புள்ளியும் கோடும் ஒன்றாகத் தெரிந்தன. பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கினாலும் புள்ளிக்கு ஓர் அகலம் இருக்கிறது, கோட்டுக்கும் ஓர் அகலம் இருக்கிறது. ரகுநாத் சார் உதட்டுக்குள் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். அஜ்மலுக்கு மிகக் கிட்டத்தில் இருந்த புள்ளியும் தூரத்தில்தான் இருந்தது. அந்தத் தூரத்தில் துணி தெரியுமா என்று சொர்ணத்தைக் கேட்டாள்.

"பாத்தா தெரியும். பாக்கணுமே."

புள்ளி நின்றது. அடுத்த சேதி வரும்வரை மூவரும் திரையை நோக்கிக் குனிந்திருந்தார்கள். அடுத்த சேதி வந்தபோது அது இருந்த இடத்தில் இல்லை. மேற்கே, வெகுதூரம் தாவி நின்றது. மறுபடி தாவியது. வலை இழுக்கும் படகு ஊரும், இப்படித் தாவாது.

சொர்ணம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "அறுத்துட்டான்."

"என்ன?"

"வலைய ஏத்துறதுக்கு நேரமாகும் புள்ள. இவன் ஏத்தல. கயித்த வெட்டிவிட்டுட்டு வாரான். எவனோ சாகுறான்னு வாரான்."

படகில் ஒருவனுக்கு இருக்கும் பெரிய பொருள் வலை. அதை வெட்டிவிட்டு, யாருக்கு, என்ன என்று எதுவும் தெரியாமல் ஒரு துணியை நம்பி முழு வேகத்தில் ஓடிவருகிறான். ரூமானாவுக்கு அழுகை வரவில்லை. அந்தப் புள்ளியின் முன்னால் சத்தமாக மூச்சு விடுவதுகூடத் தப்பு என்று தோன்றியது.

ரொம்ப நேரம் கழித்து வயர்லெஸ் கரகரத்தது. "தங்கச்சி, ஒங்கண்ணன் வந்துட்டான்."

"என்ன சொன்னான்?"

"யாருடா விழுந்தான்னான். யாரும் விழல, ஒன் பெட்டி ஊமைன்னேன். செருப்பத் தூக்கிட்டான். இன்னும் கீழ வைக்கல. மத்தவனெல்லாம் இங்கிட்டே ஓரமா இழுக்கிறேன்னுட்டானுங்க. இவன்கிட்ட வலை இல்ல, கரைக்கு அனுப்பிட்டேன்."

சாயங்காலம் அஜ்மலின் படகு தூரத்தில் தெரிந்தது. அவனுக்குக் கிட்டத்தில் வேறு படகு எதுவும் இல்லை. துணியைப் பார்த்து வந்தவன், வழியில் பார்க்கிறவர்களுக்கும் சொல்வதற்காகத் தானும் ஒன்றைக் கட்டியிருந்தான். அவிழ்க்க மறந்துவிட்டான். தனியாக வரும் படகு, கொம்பில் துணி. கரையில் மீன் கூடையோடு நின்றவர்கள் கூடையைப் போட்டார்கள். யாரோ கத்தினார்கள். ஐஸ் வண்டிகள் ஓரம் கட்டின. ரூமானாவின் அம்மா ரஹீமா பீவி வீட்டிலிருந்து முக்காடு விழுவதுகூடத் தெரியாமல் ஓடிவந்தாள். "யாரு, யாரு" என்பதைத் தவிர அவள் வாயில் வேறு சொல் இல்லை.

கூட்டத்தைப் பார்த்த அஜ்மலுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. ஒன்றுமில்லை என்று சொல்வதற்காகத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, படகின் முன்முனை அணியத்தில் ஏறி நின்று இரண்டு கையாலும் ஆட்டினான்.

கரையில் ஓலம் இரண்டு மடங்கானது. "இன்னொருத்தனும் போயிட்டான்!"

அவன் இன்னும் வேகமாக ஆட்டினான். கூடவே கடலுக்குப் போனவன் ஒருவன் சட்டையைக் கழற்றி அவனும் ஆட்டினான். கரையிலிருந்து ஒரு ஃபைபர் படகைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாகிவிட்டது.

ரூமானா மறுபடி சங்கக் கட்டடத்துக்கு ஓடி மைக்கைப் பிடித்தாள். எல்லையை விட்டு வந்த அஜ்மல் வயர்லெஸ்ஸைத் திறந்து வைத்திருந்தான்; இந்த முறை பதில் உடனே வந்தது.

"ஒண்ணுமில்லைன்னுதானே ஆட்டுறேன்! எதுக்கு இவனுங்க இந்தக் கத்துக் கத்துறானுங்க?"

"ஒண்ணுமில்லைன்னு ஆட்ட முடியாது! நீ எதை ஆட்டினாலும் வான்னுதான் அர்த்தம். துணிய இறக்கு. துண்டக் கீழ போடு. ஒண்ணும் பண்ணாத. சும்மா வா!"

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரலே அவளுக்குக் கேட்டது. நேற்று இதை யாராவது ஸ்கிரிப்டைப் பார்த்து அவளிடம் கத்தியிருக்கலாம்.

துணி இறங்கியது. துண்டு மறைந்தது. கரையில் சத்தம் மெல்ல அடங்கி, படகு வந்து சேருவதற்குள் திட்டாக மாறியிருந்தது. அஜ்மல் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு, அம்மாவிடம் ஓர் அறையையும் வாங்கிக்கொண்டு, பெட்டியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியபடி மாடிக்கு வந்தான். உப்பும் சேறுமாக ஈரக்கால் தரையில் பதிந்தது. ரகுநாத் சார் எழுந்து நின்றார். அவர் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் அஜ்மல் கையை உயர்த்தித் தடுத்தான்.

"தாண்டிட்டேனா?" என்று தங்கையைக் கேட்டான்.

"கோட்டு மேல இருந்தே. தாண்டுனியா இல்லையான்னு பெட்டியால சொல்ல முடியாது."

"தூரத்துல அவனுங்க படகு தெரிஞ்சுச்சு. மீன்பிடிப் படகுன்னு நெனச்சேன். பெட்டி சும்மா இருந்துச்சே." பெட்டியை மேசையில் வைத்தான். "வலை போச்சு. அத விடு. நாளைக்கு இதை நம்பணுமா, வேணாமா? அதைச் சொல்லு."

ரூமானா ஸ்கிரிப்டைத் திறந்தாள். அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவனுக்கு இதெல்லாம் புரியாது என்று அவள் நினைக்கவில்லை. துணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திரும்பி வந்தவன்தானே அவன்.

"இதுவரைக்கும் இது துணி மாதிரி. பேரு இருந்தாலே ஊமை. இனிமே அப்படி இல்ல. எதிர்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கும். 'ஆமாம்'னு சரியா எழுதியிருந்தா மட்டும்தான் ஹாரனைச் சேக்காம விடும். இல்லைன்னு எழுதுனா ஹாரன் இருக்கும். வரியே இல்லைன்னாலும் ஹாரன் இருக்கும்."

"தப்பா எழுதிட்டா?"

"கட்டவே கட்டாது. நின்னுக்கிட்டு, என்ன எழுதியிருக்கேன்னு கேக்கும்."

"அப்ப தப்பு வந்தா கத்துற பக்கம்தான் சாயும்."

"கத்துற பக்கம், இல்லைன்னா நிக்கிற பக்கம். சும்மா இருக்கிற பக்கம் சாயாது. அப்புறம், நல்ல எடத்துல இருந்தாலும் அப்பப்ப ஒரு சின்னச் சத்தம் போடும். இருக்கேன்னு. அது கேக்கலைன்னா பெட்டி செத்துப்போச்சுன்னு நீ திரும்பிரணும்."

"தள்ளு" என்றான்.

விசைப்பலகையை இழுத்து ஒரு விரலால் அடித்தான். முதலில் 'இல்லை'. கட்டினாள், பொய் இடத்தைக் கொடுத்தாள், ஹாரன் அடித்தது. வரியை அழிக்கச் சொன்னான். ஹாரன் அடித்தது. 'சோறு' என்று அடித்தான். ஸ்கிரிப்ட் நின்றது. என்ன எழுதியிருக்கிறாய் என்று சிவப்பில் கேட்டது. அதற்குப் பிறகு தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தான். ரகுநாத் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றுக்கும் நின்றது. ஒன்றையும் விழுங்கவில்லை. ரூமானா அவனைத் தடுக்கவில்லை. ஒரு சிறிய நிபந்தனை வரி இத்தனை வசவுக்கும் அசையாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கீழ்ப்படிந்த அதே இயந்திரம். என்ன கேட்க வேண்டும் என்று சொன்னால் போதும், உயிரைக் கொடுத்துக் கேட்கிறது.

வசவு தீர்ந்துபோய் அஜ்மல் கையை எடுத்தான்.

"ஆமாம்னு எழுதுனா மட்டும்தான் வாய மூடும்?"

"ஆமா."

"அதை யாரு எழுதுவா?"

"இங்க சோதிக்கும்போது நான்தான்."

"எழுதிட்டு அழிக்க மறந்துட்டா?"

ரூமானா ஸ்கிரிப்டை மறுபடி மேலிருந்து பார்த்தாள். அந்த மறதியைத் தடுக்க அதில் இன்னும் வரி இல்லை. மேசைக்குத் தனியாக ஒரு கட்டு, படகுக்குத் தனியாக ஒரு கட்டு, படகுக் கட்டில் 'ஆமாம்' என்றால் நிறுத்து என்று எழுதலாம். எழுதுவாள். இன்றைக்கே எழுதுவாள். ஆனால் அதையும் எழுதுவது அவள்தான்.

"அப்ப கடைசியில ஒன்னையத்தான் நம்பணும்" என்றான் அஜ்மல்.

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவன் அவளையே பார்த்தான். பெட்டியைச் சோதித்த அதே முகம். பிறகு எழுந்து, கைலியை இறுக்கிக்கொண்டு, "அதையும் எழுதி முடி. கீழ இருக்கேன். எழுதிட்டுக் கூப்பிடு, நானே வந்து எடுத்துட்டுப் போய்த் திருகிக்கிறேன்" என்றான்.